கிளை செல்போனில்... வேர் எங்கே?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "கவிதை மட்டும் வேணாம்பா. ஏற்கெனவே நாற்பது வந்திருக்கு, அதுல முப்பத்தெட்டு காதல் கவிதை. வேற ஏதாவது குடு" என்று கும்பிட்டார்கள். எனக்குக் கவிதையும் வராது, காதலும் இதுவரை வந்ததில்லை. ஆகவே இந்த ஆண்டு எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்லி, அதிலிருந்து என் கருத்தையும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பொறுமையாகப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் கேன்டீனில் பிடித்து நாலு வார்த்தை திட்டுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

விஷயம் இதுதான். யோசிப்பதற்கும் இப்போது செல்போனில் செயலி வந்துவிட்டது. எக்ஸ்மைண்ட், சிம்பிள்மைண்ட், மைண்ட்மீஸ்டர், மிரோ என்று வரிசையாக இருக்கின்றன. நடுவில் ஒரு தலைப்பைப் போடுவது, அதைச் சுற்றிக் கிளை விடுவது, கிளையிலிருந்து இன்னொரு கிளை. இதை 'மைண்ட் மேப்' என்கிறார்கள், நாம் மனவரைபடம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் நாலு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே படத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம். அதாவது 'பிரெயின் ஸ்டார்மிங்'கும் செல்போனிலேயே நடந்துவிடுகிறது. நல்ல சமாச்சாரம்தானே, இதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது!

அறுபத்து நான்கு கிளைகள்

ஐந்தாம் செமஸ்டர் முடியும் நேரம். "அடுத்த திங்கட்கிழமைக்குள் புராஜெக்ட் தலைப்பு வந்தாகணும்" என்று உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பேட்சில் ஐந்து பேர். ஒருவன் சிங்கப்பெருமாள் கோவில், ஒருவன் மதுராந்தகம், ஒருவன் செங்கல்பட்டு டவுனிலேயே, நான் திருக்கழுக்குன்றம். ஐந்தாமவன் சதுரங்கப்பட்டினம். அவனை நாங்கள் 'சத்ராஸ்' என்றே கூப்பிடுவோம். நாலரை மணி ஆனால் ஐந்து பேரும் ஐந்து பக்கம் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். எங்கே கூடி உட்கார்ந்து யோசிப்பது? அதனால் செயலியில் இறங்கினோம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். நடுவில் 'புராஜெக்ட்' என்று ஒரு வட்டம். அடுத்த நிமிஷமே 'சோலார்' என்று ஒரு கிளை முளைத்தது. அதன் பின்னாலேயே 'ஐ.ஓ.டி.', 'ஸ்மார்ட்', 'ஆட்டோமேட்டிக்'. ஸ்மார்ட்டுக்குக் கீழே ஸ்மார்ட் ஹெல்மெட், ஸ்மார்ட் டஸ்ட்பின், ஸ்மார்ட் பார்க்கிங். சோலாருக்குக் கீழே நெல் அறுக்கும் மிஷின், கடல் நீரைக் குடிநீராக்கும் மிஷின்... விரலால் தொட்டால் கிளை விடுகிறது, வண்ணம் மாறுகிறது, பார்க்கவே திருவிழா மாதிரி இருந்தது! பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தால் அறுபத்து நான்கு கிளை. சத்ராஸ் மட்டும் ஒரு கிளையும் போடவில்லை. இரண்டு மூன்று இடத்தில் கட்டைவிரல் படம் போட்டதோடு சரி. 'வழக்கம்போல இவன் பேச மாட்டான்' என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் கைடு சாரிடம் பெருமையாகக் காட்டினோம். அவர் செல்போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, சிறிதாக்கி, கிளை கிளையாகப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"இதுல எதையாவது யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களாப்பா?"

ஐந்து பேரும் கப்சிப்.

"சோலார்ல நெல் அறுக்கிற மிஷின்னு போட்டிருக்கீங்க. உங்க அஞ்சு பேர்ல நெல் அறுத்தவங்க யாரு?"

மதுராந்தகத்தான் பாதிக் கையைத் தூக்கினான். "எங்க அப்பா அறுத்திருக்காரு சார்."

"அவர்கிட்ட கேட்டியா, எதுல கஷ்டம்னு?"

"இல்ல சார்."

"அப்புறம் யாருக்காகப்பா இந்த மிஷின்?"

வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்ததும் எங்களுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன். 'பேசாம காசு குடுத்து வாங்கிடலாம்டா' என்பதுதான். தலைப்பு, மாடல், ரிப்போர்ட் மூன்றையும் சேர்த்து ரெடிமேடாகத் தருகிற கடைகள் இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். என் அப்பாவிடம் 'லேப் மெட்டீரியல் வாங்கணும்' என்று பொய் சொல்லி வாங்கிய பணம் இரண்டு நாள் என் பையிலேயே இருந்தது. இதை அச்சில் போடச் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது அரைகுறை.

பத்து நிமிஷ மௌனம்

எங்கள் முகத்தைப் பார்த்தே சாருக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுநாள் மதியம் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"போனை உள்ள வைங்க. பத்து நிமிஷம். ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. உங்க வீட்ல, தெருவுல, ஊர்ல யாருக்கு என்ன கஷ்டம்? நீங்க பார்த்தது மட்டும் எழுதுங்க. இங்கிலீஷ் வேணாம், தமிழ்லயே எழுதுங்க."

முதல் மூன்று நிமிஷம் பேனா நகரவே இல்லை. பிறகு மெதுவாக வந்தது. நான் எங்கள் தெருக் குழாயில் அம்மா குடம் தூக்கி வருவதை எழுதினேன். மதுராந்தகத்தான் அவன் அப்பாவின் முதுகுவலியை எழுதினான். சத்ராஸின் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது.

'அண்ணன் ராத்திரி முழுக்க இருமுறார். கல்தூள்.'

அவன் அண்ணன் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர். மூன்று வருஷமாக எங்களோடு படிக்கிறான், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அறுபத்து நான்கு கிளைக்குள் அந்த இருமல் எங்கேயும் இல்லை. "நேத்து ஏண்டா போடல?" என்று கேட்டேன். "நீங்கள்லாம் இங்கிலீஷ்ல பெருசு பெருசா போட்டுட்டு இருந்தீங்க. நடுவுல இதை எப்படிடா போடுறது?" என்றான்.

தோழர்களே, அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இது எங்கள் பேட்சுக்கு மட்டும் நேர்ந்த கோளாறா என்று பிறகு தேடிப் படித்தேன். 'பிரெயின் ஸ்டார்மிங்' என்பதைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்காரர். 1953-ல் 'அப்ளைடு இமாஜினேஷன்' என்ற புத்தகத்தில் அதை விரிவாக எழுதினார். அவர் சொன்ன விதிகள் நாலு: குறை சொல்லாதே, நிறையச் சொல்லு, விபரீதமாக இருந்தாலும் சொல்லு, அடுத்தவன் சொன்னதோடு உன்னுடையதைச் சேர்த்து வளர்த்துச் சொல்லு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஐந்தே வருஷத்தில், 1958-ல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேரைக் கூட்டாக யோசிக்க விட்டார்கள். இன்னொரு பக்கம் நாலு பேரைத் தனித்தனியாக யோசிக்க விட்டு, வந்ததைப் பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள். தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்துதான் அதிக யோசனைகள் வந்தன! 1987-ல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பில் யோசனை தடைப்பட்டுப் போகிறது என்பது அவர்கள் கண்டது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடித்தவனே எல்லா ஸ்டாப்பையும் பார்க்கிற மாதிரி, சத்தமாகப் பேசுகிறவனே கூட்டத்தைக் கொண்டுபோய்விடுகிறான்.

செயலியின் பக்கம் நியாயமாகவும் பேச வேண்டும். அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தடையை அது நீக்கிவிடுகிறது. ஆனால் இன்னொரு தடையை அது நீக்கவில்லை. அடுத்தவன் எழுதுவது என் கண் முன்னால் தெரிகிறதே! முதல் நாலு கிளையும் 'ஸ்மார்ட்' என்று வந்தால், ஐந்தாவதாக 'இருமல்' என்று எழுத எவனுக்குத் தைரியம் வரும்? கூச்சம் என்பது பேசுகிறவனுக்கு மட்டுமா, டைப் அடிக்கிறவனுக்கும் உண்டு.

மனவரைபடத்தின் கதை வேறு. 1974-ல் டோனி பூசன் என்ற ஆங்கிலேயர் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரிலும் 'யூஸ் யுவர் ஹெட்' என்ற புத்தகத்திலும் அதைப் பரப்பினார். நடுவில் படம், கிளைக்கு ஒரு சொல், வண்ணங்கள் என்பது அவருடைய முறை. அதே 1974-ல் நம் பக்கத்துத் தாம்பரத்தில் என்ன நடந்தது தெரியுமா? சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோர் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து, நம் வீட்டு வாசல் கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணத்தில் அடக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார்கள். நம் அம்மாக்கள் விடியற்காலையில் போடுகிற கோலத்துக்குள் அவ்வளவு ஒழுங்கு இருக்கிறது.

சிக்குக் கோலம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் இடம் பார்த்து, எண்ணி வைத்த பிறகுதான் கோடு. புள்ளி வைக்காமல் சிக்கு இழுத்தால் அது கிறுக்கல். நாங்கள் அன்று ராத்திரி செய்தது அதுதான். புள்ளியே வைக்காமல் அறுபத்து நான்கு கோடு இழுத்தோம். கண்ணால் பார்த்த ஒவ்வொரு விஷயமும் ஒரு புள்ளி என்று எனக்குப் புரிய, சத்ராஸின் ஒரு வரி தேவைப்பட்டது.

பட்டறையில் படித்த பாடம்

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் மாமல்லபுரம் போனோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் நாம் எத்தனை முறை போயிருப்போம்! கடற்கரைக் கோயில் முன்னால் போட்டோ, அர்ச்சுனன் தபசு முன்னால் போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு போட்டோ, அப்புறம் வறுத்த மீன், வீடு. இந்த முறை பட்டறைக்குள் போனோம்.

1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ஊர் அது. 2017-ல் அங்கே செய்யப்படும் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தோம். உளிச் சத்தம் கேட்கும் என்று நினைத்துப் போனால், காதைப் பிளப்பது நாலு இஞ்ச் கட்டிங் மிஷின் சத்தம். நிமிஷத்துக்குச் சுமார் பதினொன்றாயிரம் சுற்று சுற்றுகிற பிளேடு கல்லைத் தொட்டதும் வெள்ளை வெளேரென்று புகை மாதிரி கிளம்புகிறது. அண்ணன் மூக்கில் ஒரு துண்டு கட்டியிருந்தார். புருவம், தலைமுடி, காது மடல் எல்லாம் வெள்ளை. நாங்கள் கால் மணி நேரம் நின்றதற்கே தொண்டை கரகரத்தது.

கருங்கல்லில் குவார்ட்ஸ் வடிவத்தில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது, அங்கே வடுவாகிறது. அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வந்த வடுவை மாற்ற மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் ஆபத்தும் கூடுகிறது. தூளை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்றே வழி. இதெல்லாம் இன்டர்நெட்டிலும் இருக்கிறது. ஆனால் இன்டர்நெட்டில் இல்லாத ஒன்றை அண்ணன் சொன்னார்.

நாங்கள் போகும்போதே விடையையும் கையோடு கொண்டு போயிருந்தோம். பிளேடு மேல் தண்ணீர் சொட்டவிட்டால் தூள் பறக்காது! செயலியில் அதற்குத் தனிக் கிளையே போட்டிருந்தோம். அண்ணன் சிரித்தார்.

"தண்ணி விட்டா தூள் அடங்கும் தம்பி, அது எனக்கும் தெரியும். இதோ பாருங்க, கல்லு மேல காவியில கோடு போட்டிருக்கேனா? தண்ணி பட்டா கோடு அழிஞ்சிடும். கோடு அழிஞ்சா அளவு போச்சு. சேறு மாதிரி வழிஞ்சு வேற கண்ணை மறைக்கும். அப்புறம் கையில இருக்கிறது கரண்டு மிஷின். ஈரக் கையோட பிடிக்கச் சொல்றீங்களா?"

ஒரு காவிக் கோடு, எங்கள் முழுக் கிளையையும் அழித்துவிட்டது. அந்தக் கோட்டை எந்தச் செயலியாலும் எங்களுக்குக் காட்டியிருக்க முடியாது.

சாயங்காலம் அவரே எங்களை ஐந்து ரதங்களுக்கும், முடிக்கப்படாத குடைவரைகளுக்கும் கூட்டிப் போனார். பல தடவை பார்த்த இடம், ஆனால் அன்றுதான் கண் திறந்து பார்த்தேன். முடியாமல் நின்றுபோன குடைவரையில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவில் ஆழமாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் கட்டத்தில் துருத்தி நிற்கும் கல்லை மட்டும் தட்டி எடுத்துவிடுவது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய வேலைத் திட்டம் கண்ணெதிரே அப்படியே நிற்கிறது! ரதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திரௌபதி ரதம் குடிசை மாதிரி, பீம ரதம் நீண்ட வண்டிக் கூரை மாதிரி, தர்மராஜ ரதம் அடுக்கடுக்காக, நகுல சகாதேவ ரதம் யானையின் பின்புறம் மாதிரி. ஒரே இடத்தில் எத்தனை விதமான யோசனை! மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்ததால், மேலே முடிந்தும் கீழே முடியாமல் நிற்பதையும் பார்க்கலாம்.

"கல்லுல 'அண்டூ' கிடையாது தம்பி. அதனாலதான் வெட்டுறதுக்கு முன்னாடி கல்லை நாள் கணக்குல பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் அண்ணன். செயலியில் தப்பான கிளையை ஒரு தட்டில் அழித்துவிடலாம். அது பெரிய வசதிதான். அந்த வசதியே நம்மைப் பார்க்காமல் வெட்டப் பழக்கிவிடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம்தான் செயலி உதவியது

இதைப் படித்துவிட்டு, 'இவன் செல்போனைத் தூக்கிக் கடலில் போடச் சொல்கிறான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020 ஊரடங்கில் பள்ளிப் பாடத்தையே செல்போனில் படித்த தலைமுறை நாம். அதன் அருமை நமக்குத் தெரியாதா?

பட்டறையிலிருந்து திரும்பிய பிறகு செயலியில் புதிதாக ஒரு படம் ஆரம்பித்தோம். நடுவில் 'கல்தூள்'. சுற்றி ஆறு கிளை: எந்த வேலையில் பறக்கிறது, எந்தப் பக்கம் பறக்கிறது, கை எப்படி நகர்கிறது, காவிக் கோடு, கரண்ட், செலவு. எல்லாம் தமிழில். தமிழில் டைப் அடிக்கச் சோம்பேறித்தனப்பட்டவன், பேசினால் எழுத்தாகிற வசதியைப் பயன்படுத்திக்கொண்டான். பிளேடு சுற்றும் வீடியோவையும் பட்டறைப் போட்டோவையும் அந்தந்தக் கிளையிலேயே தொங்கவிட்டோம். ஐந்து ஊரிலிருந்தும் பஸ்ஸில் வரும்போதே ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தோம். தேவையில்லாத கிளைகளை மடக்கி வைத்தோம், ஒரு கிளையை இழுத்து இன்னொன்றோடு சேர்த்தோம். காகிதத்தில் இதைச் செய்ய அழிப்பானே தேய்ந்துபோயிருக்கும். இந்த முறை அதிகமாக எழுதியவன் சத்ராஸ்தான்! அவனுக்குத் தெரிந்த விஷயம், அவனுக்குத் தெரிந்த மொழி. எங்களில் யாரும் அவனுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை.

புராஜெக்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு பழைய உறிஞ்சும் மோட்டார், வளைகிற குழாய், கோடு மறையாதபடி ஒரு பக்கம் திறந்த தகர மூடி, தூள் விழ ஒரு பெயிண்ட் டிரம். இவ்வளவுதான். நேராக வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் தூளில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்கிறது. முகம், விரல் என்று நுணுக்கமாகச் செதுக்கும்போது இழுக்கவில்லை. ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூளை அளக்க எங்களிடம் கருவி இல்லை, அதை ரிப்போர்ட்டிலும் மறைக்காமல் எழுதிவிட்டோம். அண்ணன் நேர்வெட்டுக்கு மட்டும் அதை எடுக்கிறார், சிலையின் மூக்குக்கு வந்ததும் தள்ளி வைத்துவிடுகிறார். ஆனால் துண்டுக்குப் பதிலாக இப்போது நல்ல முகக்கவசம் போடுகிறார். அடுத்த பேட்ச் அந்த மூக்கில் இருந்து ஆரம்பிக்கலாம்!

என் பையில் இருந்த பணத்தில் மோட்டார் வாங்கினோம். அப்பாவிடம் உண்மையையும் சொன்னேன். கொஞ்சம் திட்டினார். அப்புறம், "அந்தத் தம்பியோட அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

ஒரே கிளை எல்லோருக்கும்

இன்னொரு புது ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது சில செயலிகள் நமக்காகத் தாங்களே கிளை விடுகின்றன. தலைப்பைக் கொடுத்தால் போதும், செயற்கை நுண்ணறிவு ஐம்பது யோசனை கொட்டுகிறது. எங்கள் வகுப்பிலேயே மூன்று பேட்ச் ஒரே தலைப்போடு வந்து நின்றார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடிக்கவில்லை, மூவரும் ஒரே இயந்திரத்தைக் கேட்டிருந்தார்கள்! 2024-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவிடம் யோசனை வாங்கி எழுதியவர்களின் சிறுகதைகள் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. ரெடிமேட் கடைக்கும் இதற்கும் வித்தியாசம் காசு மட்டும்தானா? யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து, சுருக்கமாக

வரப்போகிற இறுதியாண்டுத் தம்பி தங்கைகளுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. முதல் பத்து நிமிஷம் செல்போன் பைக்குள் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு தாள், பேச்சு இல்லை. அப்போதுதான் பேசாதவனின் யோசனையும் வெளியே வரும்.

2. எந்த மொழியில் வீட்டில் சண்டை போடுகிறீர்களோ, அந்த மொழியில் எழுதுங்கள். தலைப்பை இங்கிலீஷில் மாற்ற ஒரு நிமிஷம் போதும்.

3. ஒவ்வொரு கிளையையும் பார்த்து, 'இதை எங்கே பார்த்தேன், யாரைக் கேட்டேன்?' என்று கேளுங்கள். பதில் இல்லாத கிளையை மடக்கி வையுங்கள்.

4. அதன் பிறகு செயலியைத் திறங்கள். போட்டோ, குரல், கணக்கு எல்லாவற்றையும் அதில் சேருங்கள். சேர்க்கவும் பிரிக்கவும் அதைவிட நல்ல கருவி இல்லை.

5. செயற்கை நுண்ணறிவைக் கடைசியில் கேளுங்கள். 'என்ன செய்யலாம்' என்று கேட்காதீர்கள். 'நாங்கள் செய்ததில் என்ன ஓட்டை' என்று கேளுங்கள்.

மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். நூலக வாசலில் ஒரு பலகை வைக்கக் கூடாதா? 'எங்கள் ஊரில் இது ஒரு கஷ்டம்' என்று யார் வேண்டுமானாலும், பெயர் போட்டோ போடாமலோ ஒரு சீட்டு எழுதி ஒட்டட்டும். திருப்போரூரிலிருந்து ஒருவர், செய்யூரிலிருந்து ஒருவர், அச்சரப்பாக்கத்திலிருந்து ஒருவர்... ஐந்தாம் செமஸ்டர் வரும்போது அந்தப் பலகை முழுக்கப் புள்ளிகள் இருக்கும். கோடு இழுக்கச் செல்போன் இருக்கவே இருக்கிறது. பேரவை நிதியில் பெரிய செலவும் இல்லை, ஒரு பலகையும் ஒரு டப்பா குண்டூசியும்தான்.

நம்மை 'வெறும் டிப்ளமோதானே' என்று சொல்கிறவர்கள் வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய மாடலை மேஜைமேல் வைத்துவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. நம் வகுப்பிலேயே மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அங்கிருந்து தொடங்கலாம்.

பலகையில் முதல் சீட்டை நானே ஒட்டுகிறேன். எங்கள் தெருவில் குழாய் ஒரு கோடியில், எங்கள் வீடு மறு கோடியில். அம்மாவுக்கு இடுப்புவலி. யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் பிரிவு